தோல் நிறப் பனியன்

“இன்னொருத்தி இருக்கா, மேடம்” என்று சொல்லிவிட்டு, வந்த அம்மாள் கைப்பையைத் திறந்து ஆதாரத்தை மேஜைமேல் போட்டார்.

ஆதாரம் தோல் நிறத்தில் இருந்தது. இழுத்தால் நீளும் துணி. கையில்லாத பனியன் மாதிரி ஒன்று, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை கொக்கிகள். மின்விசிறிக் காற்றில் அது லேசாக நெளிந்தது.

லொள்ளு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். காணாமல் போன நாய் வழக்கு முடிந்து ஒரு வாரமாக அவனுக்கு ஈ ஓட்டும் வேலைதான். பெற்றவர்கள் அவனுக்கு வேறு பெயர்தான் வைத்திருந்தார்கள். அது சம்பளக் கவரில் மட்டும் இருந்தது; கவர் வராத மாதங்களில் அதுவும் இருக்காது.

அவனுக்குக் கவர் கொடுக்க வேண்டியவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் போர்டு மாட்டியவர். தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் துருவி. அவர் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தவர்கள் தேங்காய் மூடி மாதிரி காலியாகத்தான் எழுந்து போவார்கள்.

“இது எங்கே கிடைச்சது?” என்றார் துருவி.

“அவர் பையிலே. ரெண்டு இருந்தது மேடம். ஒண்ணை எடுத்துட்டேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒண்ணை உள்ளேயே விட்டுட்டேன்.”

“ரெண்டா? அப்ப ரெண்டு பேரா இருக்கும்மா” என்றான் லொள்ளு.

அம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் பச்சைத் தண்ணீர் கொதித்திருக்கும்.

விஷயம் இதுதான். அவருடைய கணவர் ஊரறிந்த கோட் மாஸ்டர். மாப்பிள்ளைகள், வக்கீல்கள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் என்று அவர் அளவெடுக்காத ஆண் நெஞ்சு கிடையாது. பெண்கள் துணியைத் தொடவே மாட்டார். “கட்டின பொண்டாட்டிக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் கொடுத்ததில்லை மேடம். கேட்டா, அது வேற தொழில்னுவார். இப்ப பாருங்க! ஓரத்தை மூணா மடிச்சுத் தைச்சிருக்கு. இது அவர் தையல். எவளுக்குத் தைச்சார்?”

“வேற என்ன மாறியிருக்கு?”

கேட்டதுதான் தாமதம், மடை திறந்தது. கணவர் சிகரெட்டை விட்டுவிட்டார். “நான் இருபத்தஞ்சு வருஷமா கத்தினேன், காதிலே வாங்கலை. யார் சொல்லி விட்டார்?” தனக்கென்று இரண்டு தொளதொள சட்டை தைத்துக்கொண்டார். “உடம்போட ஒட்டித் தைக்கணும்னு ஊருக்கே பாடம் எடுக்கிற மனுஷன், மேடம். ரெண்டு பேர் போகலாம் அந்தச் சட்டைக்குள்ளே.” கார் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய டவல்களும் போட்டு வைத்திருக்கிறார்.

“கொலை” என்றான் லொள்ளு திருப்தியாக.

“சும்மா இரு” என்றார் துருவி.

“அப்புறம், செடி” என்றார் மாஸ்டரம்மா. லொள்ளு மனதுக்குள் அவருக்கு அந்தப் பெயரை வைத்தாகிவிட்டது. “பால்கனியிலே ஒரு தொட்டி இருக்கு. அது வாடினாலும் வதங்கினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். இப்ப பத்து நாளா டிபன் முடிஞ்ச கையோட டம்ளரை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போய் அவரே தண்ணி ஊத்தறார். எதிர் வீட்டு பால்கனியிலே யாரோ நிக்கறா, வேறென்ன?”

“பார்த்தீங்களா?”

“நான் போனா உள்ளே போயிடறாளோ என்னமோ. எதிர் வீட்லே ஒரு ரிட்டயர்டு வாத்தியார்தான் இருக்கார்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். லொள்ளு ரிட்டயர்டு வாத்தியாரைப் பற்றி ஒரு வாக்கியம் தயார் செய்தான். துருவி கண்ணாலேயே அதை அழித்தார்.

“இன்னிக்கு எங்கே அவர்?”

“துணி எடுக்க வெளியூர் போறேன், நாளைக்கு வந்துடுவேன்னு காலையிலேயே கிளம்பிட்டார். ஒரு வாய் காபி குடிக்கலை. தண்ணிகூட வேண்டாம்னுட்டார். என் கையால தண்ணி குடிக்கக்கூட கசந்து போச்சு மேடம்.” கண் கலங்கியது. அதைக் கோபத்தால் துடைத்துக்கொண்டார். “அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். இந்த நேரத்திலே இவர் இப்படிப் பண்ணினா நான் எந்த மூஞ்சியோட சம்பந்தி வீட்டு முன்னாடி நிப்பேன்?”

“சண்டை சச்சரவு ஏதாவது?”

“அதெல்லாம் இல்லை. நான்தான் ஏதாவது கேலி பண்ணிக்கிட்டே இருப்பேன். அவர் சிரிப்பார்.”

“என்ன கேலி?”

“சும்மா. உடம்பைப் பத்தி.”

“ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?”

“இல்லவே இல்லை. கல்லு மாதிரி இருக்கார்.”

பதில் கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது. துருவி புருவத்தை ஒரு நூல் அளவு உயர்த்தி இறக்கினார். பிறகு பனியனை எடுத்து, உள்புறம் வெளியே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“லொள்ளு, இதைப் போட்டுக்கோ.”

“மேடம், எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.”

“நான் பார்த்ததில்லை. போடு.”

சட்டைக்கு மேலேயே போட்டான். கொக்கியை மாட்ட மாஸ்டரம்மாவும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. கடைசிக் கொக்கி மாட்டியதும் லொள்ளுவின் கண் பிதுங்கியது.

“தோள் சரியா உட்கார்ந்திருக்கு பாருங்க” என்றார் துருவி. “பொம்பளைத் தோள் இவ்வளவு அகலம் இருக்காது. முன்னாடி நெஞ்சு வளைவுக்குப் பிடிக்கிற மடிப்பு, டார்ட், ஒண்ணுகூட இல்லை. மாஸ்டர் கைக்கு அது தெரியாதா? ஒரு பொம்பளைக்குத் தைச்சிருந்தா அவளுக்கு மூச்சு முட்டும். இது ஆம்பளைக்குத் தைச்சது.”

மாஸ்டரம்மா முகத்தில் முன்பைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. “அப்படீன்னா... இன்னொரு ஆம்பளையா?”

“எனக்கு மூச்சு விட முடியலை” என்றான் லொள்ளு.

“அதுக்குத்தான் தைச்சிருக்கு. இறுக்கிப் பிடிக்க. ஆசைப்பட்டுக் கொடுக்கிறவன் ஒண்ணு கொடுப்பான். ரெண்டு எதுக்கு? ஒண்ணு துவைக்கப் போட்டா ஒண்ணு உடம்பிலே இருக்கணும். ராத்திரி பகலா, வாரக்கணக்கா. அந்த மாதிரி ஒரு ஆள்.” துருவி எழுந்தார். “இந்தத் துணி கோட் கடையிலே கிடைக்காது. எங்கே கிடைக்கும்னு எனக்குத் தெரியும். வாங்க.”

*

லொள்ளுவின் கார் முன்பிறவியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருந்தது. பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை எடுத்துவிடச் சொல்லி அவன் கெஞ்சாத நாளில்லை. துருவி அதில் காலை வைத்தபடிதான் ஊரெல்லாம் சுற்றுவார். அவனுடைய வேகம், பேச்சு இரண்டையும் அதை வைத்தே நிறுத்துவார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாகச் சர்ஜிகல் கடைகள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, கழுத்துப் பட்டை. மூன்றாவது கடைக்காரர் பனியனைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார்.

“அந்த ஆளா? மறக்க முடியுமா? ரெடிமேட் எடுத்துக் காட்டினேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டு, ‘இதைத் தைச்சவன் கையைக் கட்டிப் போடணும்’னார். வியாபாரம் பண்ற இடத்திலே பேசற பேச்சா இது? அப்புறம் பெரிய சைஸ் இடுப்பு பெல்ட் ரெண்டு வாங்கினார். பிரிச்சு நானே தைச்சுக்கறேன்னார்.”

“ரெடிமேட்னா எது?”

“இதேதான். லைபோசக்ஷன் பண்ணிக்கிட்டவங்க போடறது. கொழுப்பை உறிஞ்சி எடுத்ததும் உள்ளே பள்ளமாயிடும் இல்லே? நீர் கோத்துக்கும். தோல் ஒட்டிப் பிடிக்கணும்னா வாரக்கணக்கா இறுக்கிக் கட்டணும். ஆம்பளைங்க நெஞ்சுக்குக் கேட்டு வந்தா, அது மேம்பாலத்துக்குப் பக்கத்துலே இருக்கிற டாக்டர் அனுப்பினதுதான்.” ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். “ஒலி அலை மெஷின் அவர்கிட்டேதான் இருக்கு.”

“ஒலி அலையா? பாட்டுப் போட்டா கரையுமா?” என்றான் லொள்ளு.

“அல்ட்ராசவுண்ட் தம்பி. நுனியிலே அதிர்ற ஒரு கம்பியை உள்ளே விட்டு, கொழுப்பை இளக்கிட்டு அப்புறம் உறிஞ்சுவாங்க. ஆம்பளை நெஞ்சுக் கொழுப்பு நார் பிடிச்சுக் கெட்டியா இருக்கும், வெறும் குழாய்க்கு வராதாம்.” கடைக்காரர் லொள்ளுவின் தொப்பையை ஒரு வியாபாரியின் கண்ணால் அளந்தார். “உங்களுக்கு வேணும்னா சாதாரணமே போதும்.”

காருக்குத் திரும்பியதும் துருவி ஒவ்வொன்றாக அடுக்கினார். சிகரெட் பிடித்தால் புண் ஆறாது, அதனால் நிறுத்தச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்தால் கையைத் தூக்க முடியாது, அதனால் முன்பக்கம் திறக்கிற தொளதொள சட்டை. போட்ட துளைகளில் ஓரிரு நாள் நீர் கசியும், அதனால் காரில் பிளாஸ்டிக்கும் டவலும். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு, அதனால் காபி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

“இன்னிக்குத்தான் அவருக்கு ஆபரேஷன். துணி எடுக்கப் போகலை. கொழுப்பு எடுக்கப் போயிருக்கார்.”

மாஸ்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் முறைப்படி கோபம் வந்தது. “கிழவனுக்கு இது கேக்குதா? பொண்ணு கல்யாணத்துக்கு அப்பன் அழகு பண்ணிக்கப் போயிருக்காரா? இருக்கட்டும், வீட்டுக்கு வரட்டும்!”

“கேஸ் முடிஞ்சது” என்றான் லொள்ளு. “இன்னொருத்தி இல்லை, எக்ஸ்ட்ரா சதை. மேடம், நானும் ஒரு இருபது கிலோ உறிஞ்சிக்கிட்டா எப்படி?”

“அது எடை குறைக்கிற வைத்தியம் இல்லை. சாப்பாட்டிலே கை வெச்சு, ஓடி ஆடி, எடை ஒரு நிலையிலே நின்ன பிறகும் ஒரே இடத்திலே பிடிவாதமா நிக்கிற கொழுப்பை எடுக்கறது. உனக்கு உடம்பு பூரா பிடிவாதம்.”

லொள்ளு வண்டியைக் கிளப்பினான். உடனே வண்டி நின்றது. துருவி பிரேக்கை மிதித்திருந்தார்.

“செடி” என்றார்.

“என்ன செடி?”

“நீங்க சொன்னது எல்லாம் பொருந்திடுச்சும்மா. செடி மட்டும் பொருந்தலை. ஆபரேஷனுக்கு முன்னாடி செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.” துருவி பின்சீட்டுப் பக்கம் முழுதாகத் திரும்பினார். “டிபன் முடிஞ்சதும் டம்ளரோட போறார்னீங்க. டம்ளரை யார் கொடுக்கறது?”

“நான்தான்.”

“தண்ணியை மட்டுமா கொடுக்கறீங்க?”

மாஸ்டரம்மா ஜன்னல் வழியே எதிரே இருந்த சக்கர நாற்காலிகளைப் பார்த்தார்.

“காலையிலே ஒரு கேள்வி கேட்டேன், மாத்திரை சாப்பிடறாரான்னு. வேற எந்தக் கேள்விக்கும் அவ்வளவு வேகமா நீங்க பதில் சொல்லலை.”

“வைட்டமின்” என்றார் மாஸ்டரம்மா சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல.

“வீட்லே யார் இருக்கா?”

“பொண்ணு.”

“போன் போடுங்க. ஸ்பீக்கர்லே போடுங்க. அந்தத் தொட்டி மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கச் சொல்லுங்க.”

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதுக்கும்மா, கையெல்லாம் மண்ணாகுமே, இப்பவேவா என்று ஆயிரம் கேள்வி. பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்பூன் மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அந்த உரசல் நின்றது.

“அம்மா” என்றாள் மகள். குரல் மாறியிருந்தது. “மாத்திரைம்மா. ரோஸ் கலர். நிறைய இருக்கு, பாதி கரைஞ்சு கிடக்கு. அம்மா, அப்பாவோட அந்த மாத்திரை.”

லொள்ளு முன் கண்ணாடியில் மாஸ்டரம்மாவைப் பார்த்தான்.

“எந்த மாத்திரை?” என்றார் துருவி. இந்த முறை மெதுவாகக் கேட்டார்.

மாஸ்டரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் உடைந்தார். “நாலு மாசம் முன்னாடி நெஞ்சுவலி வந்தது மேடம். உள்ளே கம்பி வெச்சாங்க. ஸ்டென்ட். மணிக்கட்டு வழியா விட்டு வெச்சதாலே வெளியே ஒரு தழும்பு இல்லை. பொண்ணுக்கு அப்பதான் இடம் அமைஞ்சிருந்தது. அப்பனுக்கு இதயத்திலே கோளாறுன்னு தெரிஞ்சா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு பையன் வீட்லே யோசிப்பாங்க. அதனாலே யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சேன். கடைப் பசங்களுக்குத் தெரியாது. என் கூடப் பிறந்தவங்களுக்குத் தெரியாது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இந்த அம்மாள் ஒரு மனிதனின் இதயத்தை மறைத்திருந்தார்.

“ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை அது” என்றார் துருவி. “ஆபரேஷன் பண்றவங்க கேப்பாங்க, ரத்தத்தை இளக்கற மாத்திரை சாப்பிடறீங்களா, சிலதை முன்னாடியே நிறுத்த வேண்டியிருக்கும்னு. இவர் வாயைத் திறக்காம மாத்திரையை மட்டும் நிறுத்திட்டார். பத்து நாளா.”

“நிறுத்தினா என்ன ஆகும்?” என்றான் லொள்ளு.

“வண்டியை எடு.”

*

வண்டி ஓடும்போதே மாஸ்டரம்மா கணவருக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கார்டில் இருந்த கிளினிக் எண்ணுக்குப் போட்டார். ‘உங்கள் அழகு உங்கள் உரிமை’ என்று ஒரு பெண் தேன் குரலில் சொன்னாள். இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு, தவணை முறைக்கு மூன்றை அழுத்தச் சொன்னாள். உயிருக்கு எந்த எண் என்று அவள் சொல்லவில்லை. மேம்பாலம் வரும்வரை இதுவே திரும்பத் திரும்ப ஓடியது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் துருவி தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தார்.

கிளினிக் வரவேற்பறையில் எல்லாமே வெள்ளை. சுவரில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று தலையில்லாத வயிறுகள் தொங்கின. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் லொள்ளுவைத்தான் முதலில் பார்த்தாள்; பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க சார். வயிறா?”

“இது என் பரம்பரைச் சொத்து, தொடாதீங்க. கோட் மாஸ்டர் எங்கே?”

“பேஷண்ட் விவரம் வெளியே சொல்ல மாட்டோம் சார். அதெல்லாம் ரொம்ப ரகசியம்.”

“இன்னிக்கு இதோட எத்தனை ரகசியம்டா சாமி!” என்றான் லொள்ளு. அதற்குள் மாஸ்டரம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். துருவி பின்னாலேயே போனார். வரவேற்புப் பெண்ணுக்கு வழி கிடைக்காதபடி லொள்ளு நடைபாதையில் நின்றான். அவனுடைய உடம்பு பயன்பட்ட அபூர்வமான தருணம் அது.

ஆபரேஷன் அறை வாசலில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர் கண்ணில் கோபம் இருந்தது. “யார் நீங்க? எப்படி உள்ளே விட்டாங்க?”

“ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றார் துருவி.

“இன்னும் இல்லை. முன்னாடி இருந்த கேஸ் லேட்டாயிடுச்சு. இப்பதான் ஊசியே போடப் போறோம். அதுக்கென்ன?”

“அவருக்கு ஏதாவது நோய் இருக்கான்னு கேட்டீங்களா?”

“மூணு தடவை கேட்டேன்மா. நான் மட்டும் இல்லை, மயக்க டாக்டரும் கேட்டார். இதயத்திலே ஏதாவது? இல்லை. மாத்திரை? இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தோம், ரத்தம் எடுத்தோம், எல்லாம் சுத்தமா இருந்தது. சூடு பட்டுத் தோல் கருகலாம், நீர் கோக்கலாம், மரத்துப் போகலாம், வீக்கம் வடிய மாசக் கணக்காகும்னு சொல்லாத விஷயம் இல்லை. ‘பண்ணுங்க டாக்டர்’னு ஒரே வார்த்தை.”

மாஸ்டரம்மாவின் உதடு அசைந்தது. நாலு மாதமாகப் பூட்டி வைத்த வார்த்தை சாவி கிடைக்காமல் தவித்தது.

“சொல்லுங்கம்மா” என்றார் துருவி.

“ஸ்டென்ட்” என்றார் மாஸ்டரம்மா. “நாலு மாசம் முன்னாடி. மாத்திரையைப் பத்து நாளா தொட்டியிலே போட்டிருக்கார்.”

டாக்டர் குழாயை மூடினார். கோபம் போன இடத்தில் நேரான பயம் வந்தது. “அந்த மாத்திரையை இதய டாக்டரைக் கேக்காம ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா. விட்டா அந்தக் கம்பிக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைச்சுக்கும். அதோட ரத்தம் கசியாம இருக்க நான் நெஞ்சிலே ஏத்தப் போற மருந்துத் தண்ணியிலே அட்ரினலின் இருக்கு, துடிப்பைக் கூட்டும். கட்டாயமில்லாத ஆபரேஷன் இது. அடுத்த வருஷம் பண்ணலாம், பண்ணாமலே விடலாம். தெரிஞ்சிருந்தா மேஜைகிட்டேயே விட்டிருக்க மாட்டேன்.”

கதவைத் தள்ளித் திறந்தார். அதற்குள் லொள்ளுவும் பின்னால் வந்து சேர்ந்திருந்தான்.

மாஸ்டர் மேஜைமேல் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு மேலே துணியில்லை. நெஞ்சின் இரண்டு பக்கமும் நீல மையால் வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போட்டவர், தன்மேல் போட்ட கோட்டோடு கூச்சமாக இருந்தார். மனைவியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் நெஞ்சை மறைத்துக்கொண்டார்.

“நீ எப்படி இங்கே?”

“ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? டாக்டர்கிட்டே ஸ்டென்ட் இருக்குன்னு சொல்ல மாட்டீங்களா?”

மாஸ்டர் உண்மையிலேயே குழம்பிப் போய்ப் பார்த்தார். “நீதானேம்மா யார்கிட்டேயும் சொல்லக்கூடாதுன்னே?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் குடும்பம் வாயை மூடிக்கொண்டு கெடப் பார்த்தது.

“யார்கிட்டேயும்னா டாக்டர்கிட்டே கூடவா?” என்றார் மாஸ்டரம்மா. குரல் அடங்கிவிட்டது.

“இங்கே எத்தனை பேர் வர்றாங்க, போறாங்க. பையன் வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா? நமக்கெதுக்கு வம்புன்னு விட்டேன். அந்த மாத்திரை சாப்பிட்டா ரத்தம் நிக்காதுன்னாங்க. அதான் நிறுத்திட்டேன்.”

“இதய டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னாரே, அதை விட்டீங்களா? இவர் சொன்னதும் விட்டீங்களே!”

இதயத்துக்காக நிற்காத சிகரெட், நெஞ்சின் அழகுக்காக நின்றிருந்தது. லொள்ளு இதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

“அப்படி என்னங்க அவசரம்? யார் கேட்டா இதை? எனக்கு இன்னொருத்தி இருக்காளோன்னு பயம் வந்து, துப்பறியிறவங்ககிட்டே போய் நின்னேன் தெரியுமா?”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இருந்தாளே” என்றார். “பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் பந்தியிலே எல்லார் முன்னாடியும் சொன்னியே. எங்க வீட்லே மொத்தம் மூணு பொம்பளைங்க, நான், என் பொண்ணு, இவருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பையனோட அப்பா கண்ணிலே தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். நானும் சிரிச்சேன். முப்பது வருஷமா ஊருக்கே கோட் போட்டுவிட்டேன், ஒரு தடவை நான் போட்டதில்லை. கல்யாணத்தன்னிக்காவது போடலாம்னு தோணிச்சு. அந்த மூணாவது பொம்பளையை எடுத்துடச் சொல்லித்தான் வந்தேன்.”

மாஸ்டரம்மா அப்படியே நின்றார். அந்தக் கேலியை எத்தனை தடவை, எத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கு இருக்காது. மெதுவாகப் பக்கத்தில் போய், தொங்கிக்கொண்டிருந்த தொளதொள சட்டையை எடுத்து, அவர் தோள்மேல் போர்த்தி, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினார். நீல மை சட்டைக்குள் மறைந்தது. “இனிமே சொல்ல மாட்டேங்க” என்றார். அழுதார்.

லொள்ளு திரும்பி, நடைபாதைச் சுவரிலிருந்த ஒரு தலையில்லாத வயிற்றை ரொம்ப ஆர்வமாகப் பார்த்தான்.

*

டாக்டரே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, இதய ஆஸ்பத்திரிக்கும் பேசினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உறுதியாகச் சொல்ல அங்கே பரிசோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்கள். அடைப்பு இல்லை. மாத்திரையை அங்கேயே, டாக்டர் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார்கள். அந்த வார்டில் செடித் தொட்டி எதுவும் இல்லை என்பதை லொள்ளு தனியாகப் போய் உறுதி செய்துகொண்டான்.

சேர்க்கைக் கவுண்டரில் இருந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்காம்மா?”

“ஸ்டென்ட் வெச்சிருக்கு” என்றார் மாஸ்டரம்மா. “நாலு மாசம் ஆச்சு. பத்து நாளா மாத்திரை சாப்பிடலை. இருபத்தஞ்சு வருஷமா சிகரெட். இன்னிக்கு லைபோசக்ஷன் பண்ணிக்கப் போனார், பண்ணலை.” ஒவ்வொரு வார்த்தையும் நடைபாதைக் கோடிவரை கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

பிறகு வராந்தா பெஞ்சில் துருவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“போட்டுடட்டுமா மேடம்?”

“அது உங்க வீட்டு விஷயம்” என்றார் துருவி. “ஆனா நீங்க சொல்லாம விட்டா, அடுத்த செடி வாடறப்ப எனக்குத்தான் வேலை.”

மாஸ்டரம்மா சம்பந்தி அம்மாளுக்குப் போன் போட்டார். போட்ட அவசரத்தில் ஸ்பீக்கரும் அமுங்கிவிட்டது. அணைக்கத் தெரியவில்லை; அப்படியே பேசினார்.

“சம்பந்தி, ஒரு விஷயம் உங்ககிட்டே மறைச்சுட்டேன். அவருக்கு நாலு மாசம் முன்னாடி இதயத்திலே ஸ்டென்ட் வெச்சிருக்கு. தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடுமோன்னு நான்தான் சொல்ல விடலை. இனிமே உங்க இஷ்டம். கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி, எனக்கு மனுஷன் இருக்கணும்.”

மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். லொள்ளு தன்னையறியாமல் பெஞ்சு விளிம்பைப் பிடித்தான்.

“ஒண்ணுதானே சம்பந்தி?” என்றது போனில் அந்தக் குரல். “எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு கொடுக்க மாட்டீங்களேன்னுதான் நாங்க வாயைத் திறக்கலை.”